சாட்சியில் ஒரு ‘ஆனால்’

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். 2021 மே மாதம் கொரோனா வந்து அரசு மருத்துவமனையில் 11 நாள் இருந்தேன். சேர்க்கும்போது ஆக்சிஜன் அளவு 84. எங்கள் வார்டில் சுவர்க் குழாய் எல்லாக் கட்டிலுக்கும் எட்டவில்லை, அதனால் ஆளுக்கொரு பெரிய சிலிண்டர் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ராயபுரத்துப் பெரியவர் ஒருவர், கத்தோலிக்கர். ராத்திரி கஞ்சி குடித்துவிட்டு முகமூடியைத் திரும்ப மாட்டியதும் கையைக் குவித்து, “இன்னைக்கும் மூச்சு குடுத்தீங்கப்பா, நன்றி. பக்கத்துத் தம்பிக்கும் குடுங்க” என்பார். அவ்வளவுதான் அவருடைய ஜெபம். எனக்கு அப்போது எந்தச் சாமி மேலும் நம்பிக்கை கிடையாது. நான்காம் நாள் ராத்திரி என் வாயிலும் அதே வார்த்தை வந்தது. ஏழாம் நாள் விடியற்காலை அவர் போய்விட்டார். நான் பிழைத்து வந்து, ஒரு சபைக்குப் போக ஆரம்பித்து, போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன்.

வருகிற ஸ்தோத்திரப் பண்டிகையில் என்னைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார் போதகர். எழுதி வைத்திருக்கிறேன். “என் பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தார்கள், ஆனால் அது என்னை அணுகவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இறந்துபோனார், ஆனால் கர்த்தர் என்னைக் காப்பாற்றினார்” என்று 91ஆம் சங்கீதத்தை வைத்துத் தொடங்குகிறேன்.

கேட்க வந்தது வேறு. பைபிளில் பழைய மொழிபெயர்ப்பை வாசிப்பதா, பொது மொழிபெயர்ப்பை வாசிப்பதா? பழையது எனக்குப் பாதி புரியவில்லை. ஸ்தோத்திரக் காணிக்கை எவ்வளவு போட வேண்டும்? இன்னொன்று, ராத்திரி நன்றி சொல்ல உட்கார்ந்தால் இரண்டாவது வரியில் அந்தப் பெரியவர் முகம் வந்து நின்றுவிடுகிறது. அதற்குமேல் ஓடவில்லை. இது விசுவாசக் குறைவா? டிஸ்சார்ஜ் சம்மரியை பைபிளுக்குள்தான் வைத்திருக்கிறேன். அதன் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பெரம்பூர் வாசகர்

*

அன்புள்ள தம்பி,

மொழிபெயர்ப்புக்கு இரண்டு வரி போதும். இரண்டையும் வாங்குங்கள். உங்கள் சபையில் வாசிப்பது 1871இல் ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையில் முடிந்த திருத்திய மொழிபெயர்ப்பின் வழிவந்தது. அதன் ஓசைக்குப் பின்னால் நம் வேப்பேரியில் உட்கார்ந்து ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் வருஷக்கணக்காகச் செதுக்கிய வாக்கியங்கள் இருக்கின்றன. காது பழக ஆறு மாதம் ஆகும், பழகிவிட்டால் விடமாட்டீர்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பைப் பொருள் விளங்கப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காணிக்கை விஷயம் அதைவிடச் சின்னது. கவரில் முடிந்ததைப் போடுங்கள், கடன் வாங்கிப் போடாதீர்கள்.

இனி உங்கள் சாட்சிக்கு வருகிறேன். நோய்க்காலத்துக்குப் பிறகு நம் சபைகளில் சொல்லப்படும் சாட்சிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே மனதுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் அதன்மேல் நேராகக் கை வைத்துவிட்டது. அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதப்போகிறேன். உங்கள் மேல் பிரியம் இல்லாமல் இல்லை.

நீங்கள் எழுதிய இரண்டாவது வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். “பக்கத்துக் கட்டில்காரர் இறந்துபோனார், ஆனால் கர்த்தர் என்னைக் காப்பாற்றினார்.” முன்பாதியில் செய்தவர் யாரும் இல்லை, இறப்பு தானாக நடந்துவிட்டது. பின்பாதியில் கர்த்தர் வருகிறார். நடுவில் ‘ஆனால்’ உட்கார்ந்திருக்கிறது. கேட்பவர்கள் மனது விட்டுப்போனதை நிரப்பிக்கொள்ளும்: கர்த்தர் அவரைக் காப்பாற்றவில்லை. ஏன் காப்பாற்றவில்லை என்ற அடுத்த கேள்வி தானாக வரும். இவர் ஜெபித்தார், அவர் ஜெபிக்கவில்லை. இவர் வேண்டியவர், அவர் வேண்டாதவர். நீங்கள் இதைச் சொல்ல நினைக்கவே இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

யார் கேட்பார்கள் என்று யோசித்தீர்களா? 2021 மே மாதத்தில் சாவு எட்டிப் பார்க்காத தெரு சென்னையில் எத்தனை? உங்கள் சபையில் மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். புருஷனை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, அதே 91ஆம் சங்கீதத்தை முழங்காலில் நின்று இருபது தடவை சொல்லியிருப்பார். முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி அடக்கம் பண்ணியிருப்பார்கள். அந்த அம்மா எதிரில் நின்று மைக்கைப் பிடித்து ‘ஆனால் என்னை’ என்பீர்களா? அவர் கைதட்டுவார், தம்பி. ‘அல்லேலூயா’வும் சொல்வார். வீட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாமல், நான் எங்கே தப்பாக ஜெபித்தேன் என்று அழுவார்.

இன்னும் ஒன்று. உங்கள் பெரியவரின் ஜெபத்தையே எடுத்துப் பாருங்கள். “பக்கத்துத் தம்பி*க்கும்* குடுங்க.” அவர் ஓர் ‘உம்’ போட்டார். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மனுஷன், தன் வேண்டுதலில் உங்களுக்கு இடம் விட்டார். அவர் கேட்டது உங்களுக்குக் கிடைத்தது. உங்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் உங்கள் சாட்சியில் யாராக வருகிறார்? விழுந்த ஆயிரத்தில் ஒருவராக. அவர் ‘உம்’ போட்ட இடத்தில் நீங்கள் ‘ஆனால்’ போட்டிருக்கிறீர்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

91ஆம் சங்கீதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது நம்பிக்கையோடு இருட்டில் பாட வேண்டிய பாட்டு. காய்ச்சல் வந்தவன், சுற்றிலும் பயம் கவிந்தவன், ‘உமது செட்டைகளின் கீழ் ஒளிந்துகொள்கிறேன்’ என்று அழுவதற்காக இருக்கிறது. வாசலில் ஒட்டிவிட்டால் கிருமி உள்ளே வராது என்கிற உத்தரவாதச் சீட்டாக அதை எடுத்தவன் யார் தெரியுமா? மத்தேயு 4ஆம் அதிகாரத்தைத் திறங்கள். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் சொல்லும் வசனம் இதே சங்கீதத்தின் 11, 12. ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக’ என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில். 1527இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது ஊரைவிட்டு ஓடாமல் நோயாளிகளோடு இருந்த லூத்தரும், மருந்து சாப்பிடு, வீட்டைப் புகைபோட்டுச் சுத்தம் பண்ணு, நீ தேவைப்படாத இடத்துக்குப் போகாதே என்றுதான் எழுதினார். லேவியராகமம் 13இல் சந்தேகமான புண் உள்ளவனை ஏழு நாள் அடைத்து வைக்கச் சொல்கிறது. நோய்க்குத் தள்ளியிருப்பது விசுவாசத்துக்கு விரோதம் என்று பேசியவர்கள் பைபிளைத் திறந்து பார்க்காமல் பேசினார்கள்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். லூக்கா 13. இதற்குமேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்?

‘எல்லாவற்றிற்கும் ஸ்தோத்திரம் சொல்லு’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சாவு வீட்டில்கூடச் சொல்கிறார்கள். 1 தெசலோனிக்கேயர் 5:18 அப்படிச் சொல்லவில்லை. “எல்லாவற்றி*லேயும்* ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்.” பொது மொழிபெயர்ப்பில், எல்லாச் சூழ்நிலையிலும். நாம் தமிழ் படித்தவர்கள், வேற்றுமை உருபு தெரியாதவர்கள் இல்லை. ‘இல்’ ஏழாம் வேற்றுமை, நிற்கும் இடத்தைச் சொல்வது. ‘கு’ நான்காம் வேற்றுமை, எதன் பொருட்டு என்பதைச் சொல்வது. வெள்ளத்தில் நின்றுகொண்டு நன்றி சொல்லலாம். வெள்ளத்துக்கு நன்றி சொல்லு என்று யாரும் கேட்கவில்லை.

எபேசியர் 5:20இல் ‘எல்லாவற்றிற்காகவும்’ என்று இருக்கிறதே என்று உங்கள் போதகர் கேட்கலாம். இருக்கிறது, மறைக்க வேண்டாம். அதே அதிகாரம் 11ஆம் வசனத்தில் அந்தகாரக் கிரியைகளுக்கு உடன்படாதே, அவற்றைக் கடிந்துகொள் என்கிறது. கடிந்துகொள்ள வேண்டியதற்கும் சேர்த்து நன்றி சொல்லச் சொல்லியிருக்க முடியாது. பவுலே மரணத்தைக் ‘கடைசிச் சத்துரு’ என்கிறார். சத்துருவுக்கு யாரும் ஸ்தோத்திரம் ஏறெடுப்பதில்லை.

இயேசு எப்படி நன்றி சொன்னார் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். லாசரு செத்து நாலு நாள். யோவான் 11:35இல் இயேசு கண்ணீர் விட்டார். ஆறு வசனம் கழித்து, 41இல், “பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்.” செவிகொடுத்ததற்கு நன்றி சொன்னார், லாசருவின் சாவுக்குச் சொல்லவில்லை. அதற்கும் முன்னால் அழுதாயிற்று. காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த ராத்திரியிலும் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார். கையில் இருந்த அப்பத்துக்கு. காட்டிக்கொடுத்தலுக்குச் சொல்லவில்லை. அதே ராத்திரி தோட்டத்துக்குப் போய், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று வியர்க்க வியர்க்கக் கேட்டார். உங்கள் பெரியவர் வாங்கிய நற்கருணைக்குக் கிரேக்கத்தில் பெயரே யூக்கரிஸ்தியா, நன்றி கூறல். வார்டில் அவர் செய்ததும் அதையேதான். நோய்க்கு அவர் நன்றி சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. மூச்சுக்குச் சொன்னார். அளந்து, சரியாக, அன்றைக்குக் கிடைத்ததற்கு மட்டும்.

இந்த அளந்து சொல்வதைத்தான் உங்களுக்குப் பழக்க விரும்புகிறேன்.

குறளில் ‘நன்றி’ என்றால் இன்று நாம் வாயால் சொல்லும் நன்றி இல்லை. செய்யப்பட்ட நன்மைக்கே அங்கே நன்றி என்று பெயர். அதிகாரத்தின் பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. செய்த நன்மையை அறிவது. யார் செய்தார், என்ன செய்தார், எந்த நேரத்தில் செய்தார் என்று தெரியாமல் பொத்தாம்பொதுவாக ‘எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்’ என்றால் அதில் அறிதல் எங்கே இருக்கிறது?

பைபிளுக்குள் வைத்திருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். படத்தில் பார்த்தேன், முதல் ஆறு நாள் ‘பையுள்ள முகமூடி, நிமிஷத்துக்கு 10 லிட்டர்’ என்று இருக்கிறது. வார்டில் வைக்கும் பெரிய சிலிண்டர், டி வகை என்பார்கள், நிறைந்திருந்தால் ஏறக்குறைய 7000 லிட்டர் வாயு தரும். 10 லிட்டர் கணக்கில் 700 நிமிஷம். 11 மணி 40 நிமிஷம். சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டினால் விடியற்காலை ஐந்தரை மணி சுமாருக்குத் தீரும், நீங்கள் அசந்து தூங்கும் நேரம். ஆறு நாளில் 12 சிலிண்டருக்கு மேல். ஒவ்வொன்றும் 60 கிலோவுக்கு மேல் எடை. சாய்த்துப் பிடித்து அடிப்பாகத்தை உருட்டிக்கொண்டே வருவார்கள். பழையதின் வால்வை மூட வேண்டும், ரெகுலேட்டரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியே விட வேண்டும், ஸ்பேனரால் கழற்ற வேண்டும், புதியதின் வால்வை ஒரு கணம் திறந்து தூசியை ஊதிவிட்டு மூட வேண்டும், ரெகுலேட்டரை மாட்ட வேண்டும், கசிகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டும், மீட்டர் குண்டு 10இல் நிற்கும்வரை திருக வேண்டும், ஈரப்படுத்தும் பாட்டிலில் தண்ணீர் கோட்டுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தீப்பிடிக்கும். இத்தனையும் முழு உடல் கவசத்துக்குள் வியர்த்துக்கொண்டு, கண்ணாடியில் ஆவி படிந்து பாதி தெரியாமல். தாமதமானால் உங்கள் முகமூடியின் பை சப்பிப்போகும், 94ஐத் தொட்ட ஆக்சிஜன் எண் இறங்க ஆரம்பிக்கும். இதை உங்களுக்கு ஒருவர் 12 தடவை செய்திருக்கிறார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது. ‘காலத்தினாற் செய்த நன்றி’ என்று குறள் சொல்வது இதைத்தான்.

அடுத்த வரி, டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், தினம் ஒரு வேளை. 1950களின் இறுதியிலிருந்து இருக்கும் மலிவான மருந்து. கொரோனாவுக்கு அது உதவும் என்று 2020 ஜூனில்தான் இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய பரிசோதனையில் தெரிந்தது. 2104 நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள், 4321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் முடிவானது. ஆக்சிஜனில் இருந்தவர்களில் சாவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு. மருந்து கிடைக்காத அந்த 4321 பேரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 28 நாளுக்குள் இறந்துபோனார். அவர்கள் சம்மதித்து அந்தப் பக்கத்தில் படுத்திருந்ததால்தான், 11 மாதம் கழித்துச் சென்னையில் உங்கள் ஊசியில் 6 மில்லிகிராம் ஏறியது. ‘உன் பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும்’ என்று இனி வாசிக்கும்போது இவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். விழுந்தவர்கள் உங்களுக்கு மருந்தாக வந்திருக்கிறார்கள்.

அதற்கடுத்து வயிற்றுத் தோலில் போட்ட 40 மில்லிகிராம் எனோக்சாபரின், ரத்தம் உறையாமல் இருக்க. குப்புறப் படுக்க வைத்தது. கஞ்சி. மீதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு ஓர் ஆள். ‘டாக்டர் நர்ஸ் எல்லாருக்கும்’ என்று மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள், மறுபடி பொத்தாம்பொதுவுக்குப் போய்விடுவீர்கள். தேவன்தானே செய்தார், மனுஷருக்கு ஏன் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தேவன் செய்தார் என்று நானும் நம்புகிறேன். அந்தக் கைகளைக் கொண்டு செய்தார்.

ராத்திரி வந்து நிற்கும் முகம் விசுவாசக் குறைவா? இல்லை. துரத்தாதீர்கள். அங்கேதான் உங்கள் ஜெபம் தொடங்க வேண்டும், நீங்கள் தப்பான இடத்தில் தொடங்குகிறீர்கள். 13ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு முறையீடு: ‘எதுவரைக்கும்’ என்று நாலு தடவை கேட்கிறான். அடுத்த இரண்டு வேண்டுதல். கடைசி இரண்டில்தான் ‘கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன்’. நம் ஜெபக்கூட்டங்களில் முதல் நாலு வசனத்தைத் தாண்டிக் குதித்து ஐந்தாம் வசனத்தில் ஆரம்பிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். கைதட்டு, பாட்டு, துதி, உடனே சந்தோஷம். முறையிடுவது முறுமுறுப்பு என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். 88ஆம் சங்கீதம் நன்றியில் முடிவதுகூட இல்லை, சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்ற அழுகையோடு நின்றுவிடுகிறது. அதையும் வேதமாகத்தான் வைத்திருக்கிறோம். கொரோனா வார்டை இதைவிடச் சரியாக யார் சொன்னார்கள்?

ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். முகம் வந்ததும் அவரிடம் பேசாதீர்கள், கர்த்தரிடம் அவரைப் பற்றிப் பேசுங்கள். ‘அவரை ஏன் எடுத்தீர்’ என்று கேளுங்கள், வாய்விட்டு, மெதுவாக. பதில் வரவில்லையே என்று நீங்களே ஒரு பதிலை ஜோடிக்காதீர்கள். பிழைப்பதற்கு நான் என்ன செய்தேன் என்ற குற்ற உணர்ச்சியும் கூடவே வரும், அதையும் சொல்லிவிடுங்கள். பிறகு அவர் வீட்டாருக்காக ஒரு வேண்டுதல். அதற்கப்புறம் அன்றைய ஒரு வரி நன்றி, சம்மரியிலிருந்து. சில ராத்திரி மூன்றாவது படிக்குப் போக முடியாது. முதல் படியோடு எழுந்து படுத்துவிடுங்கள், அதுவும் ஜெபம்தான். தூக்கமே கெட்டு, வார்டு திரும்பத் திரும்பக் கண்முன் வந்து, மானிட்டர் சத்தம் காதில் கேட்டு வாரக்கணக்கில் நீடித்தால் அதை ஜெபத்தால் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஆக்சிஜனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர் இதற்கும் போகலாம்.

இப்போது சாட்சியைத் திரும்ப எழுதுங்கள். மூன்று நிமிஷம், தாளில் ஒரு பக்கம். தேதியும் இடமும் முதலில். இரண்டாவது வரியிலேயே பெரியவர் வரட்டும், அவர் சொன்ன ஜெபத்தை அவர் சொன்னபடியே சொல்லுங்கள், ‘குடுங்க’வைக் ‘கொடுங்கள்’ ஆக்காதீர்கள். சிலிண்டர் உருட்டியவரைச் சொல்லுங்கள். பெரியவர் இறந்ததைத் தனி வாக்கியமாக, முற்றுப்புள்ளியோடு சொல்லுங்கள். “ஏழாம் நாள் அவர் இறந்துபோனார். ஏன் என்று எனக்குத் தெரியாது.” அங்கே ஒரு மூச்சு நிறுத்துங்கள். அடுத்த வாக்கியம் ‘ஆனால்’ இல்லாமல் தொடங்கட்டும். மருந்து கைவிட்டது, ஜெபம்தான் காப்பாற்றியது என்ற மாதிரி ஒரு வரி உங்கள் தாளில் இருந்தால் அடித்துவிடுங்கள். அது பொய், உங்கள் சம்மரியே அதற்குச் சாட்சி. இதைச் செய்ததால் எனக்குக் கிடைத்தது, நீங்களும் செய்யுங்கள் என்று மருந்துச் சீட்டு மாதிரி முடிக்காதீர்கள். போதகர் 91ஆம் சங்கீதத்தைச் சேர்க்கச் சொன்னால், அதைச் சாட்சியாகச் சொல்லாமல் கடைசியில் சபையாரோடு சேர்ந்து ஜெபமாக வாசிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்வார்.

எல்லாவற்றுக்கும் முன்னால், சபையில் சொல்லும் முன்பே, இதை இன்னோர் இடத்தில் சொல்ல வேண்டும்.

காணிக்கை கேட்டீர்களே, லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தில் ஸ்தோத்திரபலிக்கு ஒரு விதி இருக்கிறது. எண்ணெயில் பிசைந்த அதிரசம், அடை, புளித்த மாவின் அப்பம் எல்லாம் சேர்த்துப் படைக்க வேண்டும். நம் தமிழ் பைபிளில் அதிரசம் என்றே இருக்கிறது. பலியின் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை மிச்சம் வைக்கக் கூடாது. பொருத்தனைப் பலி, அதாவது நேர்ந்துகொண்ட பலி என்றால் மறுநாளும் சாப்பிடலாம், நன்றிப் பலிக்கு அந்தச் சலுகை இல்லை. ஓர் ஆள் ஓர் ஆட்டை ஒரே நாளில் எப்படித் தின்பான்? ஊரைக் கூப்பிட்டாக வேண்டும். நன்றி சொல்பவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியாதபடி வைத்த விதியாகவே எனக்கு இது படுகிறது.

ராயபுரத்துக்குப் போங்கள். ஆஸ்பத்திரியில் விலாசம் தரமாட்டார்கள், கேட்டு அலையாதீர்கள். அவர் கத்தோலிக்கர் என்பதால் அவருடைய பங்கு ஆலயத்தில் அடக்கப் பதிவேடு இருக்கும். புனித இராயப்பர் ஆலயத்தில் முதலில் கேளுங்கள், அங்கே இல்லையென்றால் பக்கத்துப் பங்கு எதுவென்று அவர்களே சொல்வார்கள். இறந்த தேதி, சுமாரான வயது, மருத்துவமனை, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். விலாசம் கேட்காதீர்கள், உங்கள் எண்ணை அந்த வீட்டாரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர்கள் விருப்பம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் போனால் நல்லது, அந்த நாட்களில் இறந்தவர்களைப் பற்றிப் பேச வீடுகள் தயாராக இருக்கும். வருஷங்கள் ஆகிவிட்டனவே என்று தயங்காதீர்கள்.

அவர்கள் கூப்பிட்டால் அதிரசம் வாங்கிக்கொண்டு போங்கள். ‘கர்த்தருடைய சித்தம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஏழு நாள் வார்டுக்குள் யாரையும் விட்டிருக்க மாட்டார்கள். கடைசி ராத்திரிகளில் அவர் என்ன பேசினார், பயந்தாரா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவர் சொன்ன ஜெபத்தைச் சொல்லுங்கள், முகமூடியை எப்படி மாட்டிக்கொண்டார், கையை எப்படிக் குவித்தார் என்று சொல்லுங்கள். அந்த வீட்டு அம்மா முதலில் கேட்கப்போவது, ராத்திரி சாப்பிட்டாரா என்றுதான். கஞ்சி குடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு குடித்தார் என்று யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா